நிறைமதி நம்பியவை

நொச்சிக்காட்டுப்புதூரில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் மனதார நம்பிவிட்டால், சொன்னது சொன்னபடி வந்து சேர்ந்துவிடும். அந்த ஊரில் யாரும் யாரையும் நம்புவதில்லை என்பதால் நெடுங்காலமாக எதுவும் வந்து சேரவில்லை. தேர்தல்கள் வந்தன, திறப்பு விழாக்கள் வந்தன, பாராட்டுக் கூட்டங்கள் வந்தன. ஒலிபெருக்கியில் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. மக்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள். இந்த ஏற்பாடு எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

பிறகு நிறைமதி பிறந்தாள். அவளுக்கு ஆட்டிசம் இருந்தது. வாயில் ஒன்றும் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளலாம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஊரில் மற்ற எல்லோருக்கும் அது சொல்லிக்கொடுக்காமலே வந்திருந்தது.

அவள் வீட்டுக்கு அடுத்த லைன் வீட்டில் நாச்சிமுத்து இருந்தார். நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மீதியைத் துண்டறிக்கைகளில் படித்தார். மில் வாசலில் ஆயிரம் கூட்டம் பேசியிருப்பதாகச் சொல்வார். அதில் பாதிக்குத்தான் ஆள் வந்தது என்பதையும் அவரே சொல்வார், வராதவர்களின் பெயர்களோடு. கோரிக்கை வைப்பதற்கு முன்னால் இழைக்கப்பட்ட அநீதிகளை நடந்த வரிசையில் சொல்ல வேண்டும், வரிசை தப்பினால் கோரிக்கை செத்துப்போகும் என்பது அவருடைய முறை. நிறைமதியின் விஷயத்திலும் அவர் அந்த வரிசையைத் தப்பவிடவில்லை.

முதலாவது அநீதி அங்கன்வாடியில் நடந்தது. சோறு உண்ணாவிட்டால் பூச்சாண்டி வருவான் என்று ஆயா சொன்னாள். மற்ற குழந்தைகள் சிரித்தன. நிறைமதி நம்பினாள். பூச்சாண்டி வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, யார் இன்னும் உண்ணவில்லை என்று விசாரித்தார். கண்ட ஆளையும் வரவழைக்கிறாள் என்று குழந்தையின் தாயைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். வரச்சொன்ன ஆயாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூச்சாண்டிக்குத் திரும்பிப் போக இடமில்லாததால் அங்கேயே முட்டை உரித்துக் கொடுத்துக்கொண்டு இருக்கிறார்.

இரண்டாவது, முதல் வகுப்பில். கணக்கு டீச்சர் சரோஜினி, இந்தப் பெண்ணின் மண்டைக்குள் களிமண்தான் இருக்கிறது என்று வகுப்புக்கே கேட்கும்படி சொன்னார். தன்னைப் பற்றிச் சொன்னதையும் அவள் நம்பினாள். அன்று மாலை அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. காது வழியாகக் களிமண் வந்தது. தாய் ரத்தினா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கழுவக் கழுவ வந்தது. நல்ல வழவழப்பான மண் என்பதால் பொம்மை செய்கிறவர் ஒருவர் கூடை எடுத்துக்கொண்டு வாரம் தவறாமல் வந்தார்.

மூன்றாவது, சாக்கடைக்குப் பாலம் கட்டிய விழாவில். பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திக் கையில் கொடி கொடுத்திருந்தார்கள். பேரூராட்சித் தலைவர் குலசேகரன், தன் ஆட்சியில் இந்த ஊரில் பாலும் தேனும் ஓடும் என்று சொன்னார். நிறைமதி நம்பினாள். பால் வந்தது. சாக்கடை நிறைய, கரை தளும்ப, வெள்ளை வெளேரென்று ஓடியது. ‘தேன்’ என்ற இடத்தில் ஒலிபெருக்கி கீச்சிட்டதால் அவள் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஆகவே தேன் வரவில்லை. முதல் நாள் ஊரே குடத்தோடு வந்தது. இரண்டாம் நாள் பால் திரிந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் மூக்கை மூடாமல் யாரும் நடக்கவில்லை. புதுப் பால் மேலே வந்துகொண்டே இருந்தது, பழைய பால் கீழே நாறிக்கொண்டே இருந்தது.

நான்காவது, தீர்மானம். பேரூராட்சி மன்றம் கூடி, குற்றம் நம்பியவர் மேல்தான் என்று ஒருமனதாக முடிவு செய்தது. பால் நிற்கும்வரையும், சொல்வதை நம்பாமலிருக்க அந்தக் குழந்தை கற்றுக்கொள்ளும்வரையும் அவள் பெயரைப் பள்ளியின் வருகைப் பதிவிலிருந்து எடுத்துவிட வேண்டும். தலைமையாசிரியர் தங்கவேலு மறுநாளே எடுத்துவிட்டார். கோடு கோணாமல் அடித்திருந்தார். அவர் கணக்கில் பட்டம் வாங்கியவர்.

நிறைமதிக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும். காலையில் பெயர் வாசிப்பது அவளுக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு நாளும் அதே பெயர்கள் அதே வரிசையில் வரும், தன் பெயர் வந்ததும் உள்ளேன் என்று சொல்ல வேண்டும், சொன்னால் அது உண்மையாகவும் இருக்கும். ஊரில் அவள் கேட்ட பேச்சுகளில் குழப்பமே இல்லாத பேச்சு அது ஒன்றுதான். பெயரை எடுத்த பிறகும் அவள் தினமும் சீருடை போட்டுக்கொண்டு பள்ளி வாசல்வரை போய், உள்ளே வாசிப்பதைக் கேட்டாள். தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெயருக்கான நேரம் காத்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

இதைத்தான் நாச்சிமுத்துவால் பொறுக்க முடியவில்லை.

நம்பாமலிருக்கக் கற்றுக்கொடுப்பதற்காக அரசு ஒரு சிறப்பாசிரியையை அனுப்பியது. அவர் பெயர் எஸ்தர். ஸ்கூட்டியில் வருவார். நிறைமதிக்குப் பள்ளிக்குள் இடமில்லை என்பதால் வாசலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் பாடம் நடந்தது. எஸ்தர் பை நிறைய அட்டைகள் வைத்திருந்தார். ஒவ்வொரு அட்டையின் முன்பக்கத்திலும் மக்கள் சொல்லும் ஒரு பேச்சு இருக்கும். பின்பக்கத்தில் அவர்கள் நினைப்பது இருக்கும். ‘வயிறு எரிகிறது’ என்பதன் பின்னால், ‘அவனுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை’. ‘தலைக்கு மேல் வேலை’ என்பதன் பின்னால், ‘உன்னைப் பார்க்க இஷ்டமில்லை’.

நாச்சிமுத்து கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டு முதல் பாடத்தைக் கேட்டார்.

“ஏனுங் டீச்சர், புள்ளைய நீங்களும் அவுங்களாட்டமே பொய் பேசப் பழக்கறீங்களா?”

“இல்லீங்க. அவ பேச வேண்டாம். எதிராளி என்ன நினைக்கறாங்கன்னு தெரிஞ்சா அவளுக்குப் பயம் இருக்காது, அவ்வளவுதான்.”

“தெரியாட்டி?”

“தெரியாட்டி கேக்கணும். அதுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்திருக்கேன்.” எஸ்தர் நிறைமதியின் பக்கம் திரும்பினார். “எங்கே, சொல்லு கண்ணு.”

நிறைமதி மில்லில் நூல் சுற்றும் பழைய கூம்புக் கோன்களை நிற வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்: “அதாவது?”

அந்தச் சொல்லின் வேலை அடுத்த வாரம் தெரிந்தது. சரோஜினி டீச்சர் வண்டி எடுக்கக் கொட்டகைக்கு வந்தார். நிறைமதி அவரிடம் போய் நின்று, தன் தலையைத் தொட்டுக்காட்டி, களிமண், அதாவது, என்று கேட்டாள்.

“அதாவது, நீ மக்குன்னு அர்த்தம்,” என்றார் சரோஜினி. களிமண் அசையவில்லை.

“அதாவது?”

“அதாவது, பாடம் மண்டைல ஏறலைன்னு.” களிமண் கொஞ்சம் கூடியது. குழந்தையின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எஸ்தர் கையால் தாங்கிக்கொண்டார்.

“அதாவது?”

சரோஜினி டீச்சர் வண்டிச் சாவியைத் தேடினார். பையில் இல்லை. கையிலேயே இருந்தது. கடைசியில், “அதாவது, இந்தப் புள்ளைக்கு எப்படிச் சொல்லித் தர்றதுன்னு எனக்குத் தெரியலை,” என்றார்.

களிமண் போய்விட்டது. நிறைமதி தலையை நேராக வைத்துக்கொண்டு கோன்களிடம் போனாள். பொம்மை செய்கிறவர் மறுநாள் கூடையோடு வந்து, ஏமாந்து, டீச்சரைப் பற்றி மனு எழுதிப் போட்டார்.

ஆக விதி இதுதான் என்று எல்லோருக்கும் விளங்கியது. வந்து சேர்ந்ததைத் திருப்பி அனுப்ப, அதைச் சொன்னவரால் மட்டுமே முடியும். அதுவும், மனதில் நினைத்ததை வெறும் சொல்லில் சொன்னால் மட்டுமே முடியும்.

நாச்சிமுத்து அன்று மாலை ரத்தினாவிடம் சொன்னார்: “அம்மிணி, இந்த ஒத்தக் கேள்வியத்தான் நாங்க கேக்காம உட்டுட்டோம். போனஸ் கேட்டோம், பஞ்சப்படி கேட்டோம், கக்கூஸ் கேட்டோம். மேடையில நின்னுட்டு ஒருத்தன் உங்களுக்காக உசுரக் குடுப்பேன்னான். அதாவதுன்னு எவனும் கேக்கலை. கைதட்டினோம்.”

“நீங்களுந்தான தட்டுனீங்?” என்றாள் ரத்தினா. அவள் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள். பேச்சிலும் பிசிறு வைக்கமாட்டாள்.

“நான் மேடைமேல இருந்தேன்,” என்றார் நாச்சிமுத்து.

நாச்சிமுத்து, ரத்தினா, எஸ்தர் மூவரும் குழந்தையோடு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். வாசலில் புதிதாக ஒரு பலகை தொங்கியது: குழந்தைகள் உள்ளே வரக்கூடாது. நிறைமதியும் ரத்தினாவும் வெளியே நின்றார்கள். உள்ளே தலைவர் குலசேகரன் தேநீர் வரவழைத்து அன்பாகப் பேசினார். நல்ல வெள்ளை வேட்டி, நன்றாக வாரிய மீசை, எந்தப் பக்கம் திரும்பினாலும் புகைப்படத்துக்குத் தயாரான முகம்.

“பாலும் தேனும்னு சொன்னீங்களே, அதாவது என்னங்?” என்று நாச்சிமுத்து கேட்டார்.

“வளம் கொழிக்கும்னு அர்த்தம் தோழரே.”

“அதாவது?”

“பொற்காலம் மலரும்னு அர்த்தம்.”

“அதாவது?”

“இருள் விலகும்.”

எஸ்தர் பையிலிருந்து பின்பக்கம் வெறுமையான அட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். முன்பக்கத்தில் பாலும் தேனும் ஓடும் என்று எழுதியிருந்தது. பின்பக்கத்தில் ஒரு வரி எழுதித் தந்தால் போதும் என்றார். தலைவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு முன்பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டு, நல்வாழ்த்துகளுடன் என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை வருகை வாசிக்கும் நேரத்தில் நாச்சிமுத்து பள்ளி வாசலின் நட்டநடுவில் போய் நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டார். ஒலிபெருக்கி இல்லாமல் பேசத் தெரிந்தவர் அவர். நான்கு அநீதிகளையும் வரிசையாகச் சொன்னார். கேட்க டீக்கடைக்காரரும் நான்கைந்து ஆடுகளும் ரத்தினாவும் குழந்தையும் இருந்தார்கள். அவருக்கு இது பழக்கமான கூட்டம்தான். கடைசியில் கோரிக்கையை வைத்தார்:

“இந்தக் குழந்தையின் பெயரைச் சாட்சிகள் முன்னிலையில் உரக்க வாசிக்கும்வரை இந்த இடத்தைவிட்டு அசையமாட்டேன்.”

இதே பேச்சை அந்த ஊர் பலமுறை கேட்டிருக்கிறது. சாகும்வரை உண்ணாவிரதம் என்று காலையில் உட்கார்ந்த தலைவர்கள் மதியம் எலுமிச்சைச் சாறு குடித்து எழுந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சாறு பிழிந்து கொடுத்தவர்கள் இன்று வாரியத் தலைவர்களாக இருக்கிறார்கள். நாச்சிமுத்து எலுமிச்சம்பழத்தையே வீட்டில் சேர்ப்பதில்லை.

நிறைமதி அவர் முகத்தைப் பார்க்காமல், அவர் கால்களைப் பார்த்துக் கேட்டாள்: “அதாவது?”

நாச்சிமுத்து யோசித்தார். பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நேர்மையாகத் தேடிப்பார்த்தார். வேறொன்றும் கிடைக்கவில்லை.

“அதாவது, அசையமாட்டேன்,” என்றார்.

அவள் நம்பினாள். அவருடைய பாதங்கள் மண்ணுக்குள் இறங்கின. கணுக்கால்வரை இறங்கி நின்றன. விரல்கள் கீழே எதையோ பற்றிக்கொண்டதை அவர் உணர்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன ஒரு சொல் வைத்த இடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“சோறு இங்கியே கொண்டாரட்டுங்களா, ணா?” என்றாள் ரத்தினா.

“ரசம் மட்டும் போதும் அம்மிணி.”

வாரங்கள் போயின. ரத்தினா வேலைக்குப் போகும்போது ரசம் ஊற்றிய தூக்குப்போசியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். நிறைமதி தன் கோன்களை அவர் காலைச் சுற்றி அடுக்கினாள். வெள்ளையில் தொடங்கி நீலத்தில் முடியும் வட்டம். மழை பெய்த மறுநாள் அவருடைய சட்டைக் காலருக்குள்ளிருந்து ஒரு தளிர் எட்டிப்பார்த்தது. அவள் அதைக் கவனித்தாள்.

“தாத்தா மரம்,” என்றாள். குழந்தை தானே சொன்ன முதல் உருவகம் அது. அடுத்த நொடியே, யாரும் கேட்காமலே, அவளே முடித்தாள்: “அதாவது, நகர மாட்டாரு.”

தளிர் உதிர்ந்தது. நாச்சிமுத்து மனிதராகவே நின்றார். எஸ்தர் ஒரு புது அட்டை எடுத்து அதன் இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டார்.

இதற்கிடையில் பள்ளி ஆண்டு விழா வந்தது. சிறப்பு விருந்தினர் வழக்கம்போலக் குலசேகரன். வாசலின் நடுவில் நாச்சிமுத்து நின்றதால் கார் உள்ளே போகவில்லை. ஒதுங்கச் சொன்னார்கள். ஒதுங்க முடியாது என்று அவர் காலைக் காட்டினார். கடப்பாறை கொண்டுவந்தார்கள். உயிருள்ள ஒன்றைத் தோண்ட வனத்துறை அனுமதி வேண்டும் என்று பேரூராட்சியின் செயல் அலுவலர் சொன்னார். விழா வாசலிலேயே நடக்கட்டும் என்று முடிவாயிற்று. நாற்காலிகள் தெருவுக்கு வந்தன. பாலின் நாற்றத்தோடு கூட்டமும் வந்தது.

நிறைமதி கோன் வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை ஒலிபெருக்கிக்காகக் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம் என்று எஸ்தர் சொன்னார். கேட்க வேண்டும் என்று அவள் மறுத்துவிட்டாள்.

அந்தக் குழந்தை முன்னால் என்ன பேச வேண்டும் என்பதைச் செயல் அலுவலர் தலைவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். உவமை இல்லை, உருவகம் இல்லை, வாக்குறுதி இல்லை. குலசேகரன் ஒலிபெருக்கி முன் நின்று வாசித்தார்:

“வணக்கம். என் பெயர் குலசேகரன். இன்று வெள்ளிக்கிழமை. சாக்கடையை அள்ள ஆள் இல்லை. நன்றி.”

யாரும் கைதட்டவில்லை. இருமல் சத்தம் கேட்டது. பின்வரிசையில் ஒருவன், “தலைவருக்கு ஒடம்பு செரியில்லையாட்ட இருக்குது,” என்றான். குலசேகரன் தாளை மடித்தார். போய் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கைதட்டல் இல்லாமல் மேடையிலிருந்து இறங்கும் பழக்கம் அவருக்கு இல்லை. எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அவர் திரும்பவும் ஒலிபெருக்கியைப் பிடித்தார். குரல் தானாகவே குழைந்தது.

“தாய்மார்களே! நான் உங்கள் வீட்டில் பிறக்காத பிள்ளை!”

கைதட்டல் எழுந்தது. அது அடங்கியதும் கீழேயிருந்து கேட்டது: “அதாவது?”

செயல் அலுவலர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அதாவது, உங்கள் சோற்றில் வளர்ந்தவன்,” என்றார் தலைவர்.

“அதாவது?”

நாச்சிமுத்து வாசல் நடுவிலிருந்து கத்தினார்: “ஓட்டு வேணும்னு சொல்லித் தொலைங்க தலைவரே! உட்ரும்!”

அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் எல்லாம் கலைந்திருக்கும். குலசேகரனுக்கும் அது தெரிந்தது. வாயைத் திறந்தார். ஆனால் அந்த வாய்க்கு வேறு வழி பழகியிருக்கவில்லை.

“அதாவது, உங்கள் மடியில் தவழ்ந்தவன்,” என்றார்.

நிறைமதி நம்பினாள்.

தலைவர் மேடையிலிருந்து இறங்கித் தவழ்ந்து வந்தார். நாற்காலிகளுக்கு இடையில் வழி விட்டார்கள். நேராக ரத்தினாவிடம் வந்து, சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டார். மீசையும் வேட்டியும் கைக்கடிகாரமும் அப்படியே இருந்தன. ரத்தினா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“எந்திரி. வேட்டியெல்லாம் மண்ணு. ஆரு தொவைக்கறது?”

அவர் எழுந்து நின்றார். விழா முடிந்ததும் ரத்தினாவும் நிறைமதியும் தலைவரும் வீட்டுக்கு நடந்தார்கள். கார் கொஞ்ச தூரம் பின்னால் வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. மாலையில் தலைவரின் மனைவி வந்து, லைன் வீட்டு வாசலில் நின்றபடி உள்ளே எட்டிப்பார்த்து, ராத்திரியில் மோர் கொடுக்க வேண்டாம், சளி பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். கட்சிக்காரர்கள் வரவில்லை. அவர்கள் அடுத்த தலைவருக்கு மாலை வாங்கப் போயிருந்தார்கள்.

பிறக்காத பிள்ளை என்பதால் அவர் வீட்டில் எல்லோருக்கும் இளையவர். நிறைமதியை அக்கா என்று கூப்பிட்டார். கோன்களைத் தொடக் கூடாது என்று அக்கா சொன்னாள், தொடவில்லை. ஒவ்வொரு வேளையும் தட்டின் முன்னால் உட்கார்ந்து, அன்னலட்சுமியின் அருள் பொங்கட்டும் என்றார். அக்கா, அதாவது, என்று கேட்டாள். பதில் வரும்வரை ரத்தினா சோறு போடவில்லை. இப்படி ஒரு வேளை போயிற்று, இன்னொரு வேளையும் போயிற்று. கடைசியில் குலசேகரன் தட்டைப் பார்த்து, மிகவும் கஷ்டப்பட்டு, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்:

“பசிக்குது.”

ரத்தினா சோறு போட்டாள். அவர் அழுதுகொண்டே தின்றார். பொதுவாழ்க்கைக்கு வந்தபின் அவர் சொன்ன முதல் வாக்கியம் அது.

எஸ்தர் இப்போது சைக்கிள் கொட்டகையில் இருவருக்கும் ஒன்றாகப் பாடம் நடத்தினார். அக்காவுக்கு அட்டையின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு, தம்பிக்கு முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு. அக்கா வேகமாகக் கற்றாள். தம்பிக்கு வீட்டுப்பாடம் அதிகம். அவர் தூணில் சாய்ந்து யோசிப்பதை நாச்சிமுத்து தன் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், அவனை நம்பாதீங்க. நடிக்கறான். இவனுகளைப் பத்தி எனக்குத் தெரியும்.”

“நடிச்சா களிமண் மாதிரி காட்டிக் குடுத்துருமுங்களே,” என்றார் எஸ்தர்.

நாச்சிமுத்து ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்வது அவர் வழக்கமல்ல.

ஒரு நாள் எஸ்தர் பழைய அட்டையை எடுத்தார். பாலும் தேனும். முன்பக்கத்தில் தலைவரின் கையெழுத்தும் நல்வாழ்த்தும் இருந்தன. குலசேகரன் அதை நெடுநேரம் பார்த்தார். அக்கா கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

“அதாவது, சாக்கடை அள்ளறதுக்கு நான் ஒண்ணுமே பண்ணலை. பண்ணற எண்ணமும் இல்லை. அன்னைக்கு மைக் கையில இருந்துச்சு.”

பால் நின்றது. மேலே வந்துகொண்டிருந்த வெள்ளை வற்றி, பழைய கறுப்புத் தண்ணீர் பழைய இடத்துக்கு வந்தது. மக்கள் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டு, ஆசைதீர மூச்சிழுத்தார்கள். சாக்கடை திரும்பக் கிடைத்ததற்காகப் பாலத்தில் பட்டாசு வெடித்தார்கள். ஊர் அவ்வளவு மகிழ்ந்து நாச்சிமுத்து பார்த்ததில்லை. அவர் காறித் துப்பினார். காலுக்கு அருகில் நீல நிறக் கோன் இருந்ததால் தள்ளித் துப்பினார்.

எஸ்தர் விடவில்லை. அடுத்த அட்டையையும் எடுத்தார்: உங்கள் வீட்டில் பிறக்காத பிள்ளை. இதற்கும் வெறும் சொல்லில் ஒரு வரி சொன்னால் கார் வரும், வீட்டுக்குப் போகலாம் என்றார். அக்கா கேட்டாள்: “அதாவது?”

குலசேகரன் அட்டையைப் புரட்டினார். வாசலில் கணுக்கால்வரை மண்ணுக்குள் நிற்கும் நாச்சிமுத்துவைப் பார்த்தார். ‘அதாவது, அசையமாட்டேன்’ என்று நாச்சிமுத்து அன்று சொன்ன பதில் அவர் காதுக்கு எப்படி எட்டியதோ தெரியாது.

“அதாவது, அதேதான்,” என்றார். பிறகு ரத்தினா பக்கம் திரும்பி, “அக்காகூட நானும் பள்ளிக்கூடம் போகணும்,” என்றார்.

வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் அதைப் பள்ளியில் சேர்ப்பதுதான் சட்டம். மறுநாள் காலை ரத்தினா இருவருக்கும் தலை வாரிவிட்டு, தலைமையாசிரியர் தங்கவேலு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“ரெண்டு பேரையும் சேத்துக்கங்க. இவளை உட்டுப்போட்டு அவன் தனியா வரமாட்டான்.”

“பால் நின்னுருச்சு, சரி. ஆனா நம்பாம இருக்கக் கத்துக்கிட்டாளான்னு தெரியலையேம்மா. தீர்மானத்துல ரெண்டும் இருக்கு. தலைவரைக் கேக்காம நான் எதுவும் பண்ண முடியாது.”

அவர் தலைவரின் எண்ணுக்கு அழைத்தார். குலசேகரனின் சட்டைப் பையில் மணி அடித்தது. அவர் எடுத்துக் காதில் வைத்தார். தங்கவேலு எழுந்து நின்று, நிறைமதி என்ற மாணவியைச் சேர்க்கலாமா என்று பணிவாகக் கேட்டார். எதிரில் நின்றவர் சேர்க்கலாம் என்றார். தங்கவேலு நன்றி சொல்லி வைத்துவிட்டு உட்கார்ந்தார். மேலிடத்து உத்தரவு வந்த பிறகு அவர் எதையும் தாமதிப்பவரல்ல. படிவத்தை எடுத்துப் பூர்த்தி செய்தார். தம்பியின் வயதைக் கேட்டார்.

“இன்னும் பொறக்கலைங்க,” என்றாள் ரத்தினா.

அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

பெயரை வகுப்புக்குள் வாசிக்கக் கூடாது என்று வாசலிலிருந்து நாச்சிமுத்து குரல் கொடுத்தார். சாட்சிகள் முன்னிலையில் என்பது கோரிக்கை. அதனால் பிள்ளைகளை வாசலுக்கு அழைத்துவந்து வரிசையாக உட்காரவைத்தார்கள். டீக்கடைக்காரர் வந்தார். பனியன் கம்பெனிப் பெண்கள் ஷிப்டுக்குப் போகும் வழியில் நின்றார்கள். சரோஜினி டீச்சர் வண்டியை நிறுத்தினார். அங்கன்வாடியிலிருந்து பூச்சாண்டி கை துடைத்துக்கொண்டு வந்தார். உவமை எதுவும் சொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லியிருந்ததால் கூட்டத்தில் யாரும் எதுவும் பேசவில்லை.

தங்கவேலு பதிவேட்டைத் திறந்து வரிசையாக வாசித்தார். கோடு அடித்திருந்த இடம் வந்தது.

“ர. நிறைமதி.”

“உள்ளேன் சார்,” என்றாள் நிறைமதி. அது உண்மையாக இருந்தது.

மண் நெகிழ்ந்தது. நாச்சிமுத்து முதலில் வலது காலையும் பிறகு இடது காலையும் வெளியே எடுத்தார். விரல்களுக்கு இடையில் இருந்த வேர்களைத் துண்டால் துடைத்துவிட்டார். வெற்றி பெற்ற போராட்டம் ஒன்றை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று எந்தத் துண்டறிக்கையிலும் போட்டிருக்கவில்லை. அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

“முடிஞ்சுதுங்களே ணா, வீட்டுக்குப் போலாம்,” என்றாள் ரத்தினா.

“இன்னொரு பேரு இருக்குது அம்மிணி. அதையுங் கேட்டுட்டுப் போலாம். சாட்சி கொறையக் கூடாது.”

வரிசையின் கடைசியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்த பிள்ளை மீசையை நீவி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டது. தங்கவேலு கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். அடுத்த வரியை, தெரு முழுவதும் கேட்கும்படி வாசித்தார்:

“ர. குலசேகரன்.”